கரண்ட் வைத்தால் மட்டும் கசிவு நிற்காது

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் புராஸ்டேட் ஆபரேஷனுக்குப் பிறகு வரும் சிறுநீர்க் கசிவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதைத் தொட்டதற்கே முதலில் நன்றி. ஆண்கள் இதைப் பெண்டாட்டியிடம்கூட வாய் திறந்து சொல்ல மாட்டார்கள், பத்திரிகைகளும் எழுதுவதில்லை. ஆனால் கட்டுரையின் பின்பாதி முழுக்க, மின்தூண்டல் சிகிச்சை, அதாவது கரண்ட் வைப்பது, எடுத்தால் பத்துப் பதினைந்து சிட்டிங்கில் கசிவு நின்றுவிடும் என்கிற தோரணையில் போனதுதான் இடிக்கிறது. நான் பிசியோதெரபிஸ்ட். என் கிளினிக்கிலும் அந்த மெஷின் இருக்கிறது, அதைப் பயன்படுத்தவும் செய்கிறேன். அதனாலேயே சொல்கிறேன், விஷயம் அப்படி இல்லை.

கட்டுரை வந்ததிலிருந்து அந்தப் பக்கத்தைக் கத்தரித்து, மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். "பயிற்சி எல்லாம் வேண்டாம் சார், கரண்ட் மட்டும் வெச்சு விட்ருங்க" என்பதுதான் பாதிப் பேர் சொல்வது. முழங்கால் வலிக்கும் தோள்பட்டை வலிக்கும் கரண்ட் வைத்துப் பழகிய ஊர் இது. படுத்துக்கொண்டால் போதும், மிச்சத்தை மெஷின் பார்த்துக்கொள்ளும் என்று நினைக்கிறார்கள். இந்தக் கசிவுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் உள்ளே என்ன நடந்திருக்கிறது என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஆண் உடம்பில் சிறுநீரைப் பிடித்து வைக்க இரண்டு இடங்கள் உண்டு. சிறுநீர்ப்பையின் வாய்ப்பகுதியில் ஒன்று. அது நம் சொல் கேட்காது, தானாகவே மூடியிருக்கும். அதற்குக் கீழே புராஸ்டேட். புராஸ்டேட்டுக்கும் கீழே இன்னொரு சுருக்குத்தசை, பஸ்ஸில் போகும்போது முட்டிக்கொண்டு வந்தால் நாம் அடக்கிக்கொள்வது இதை வைத்துத்தான். புற்றுநோய்க்காகப் புராஸ்டேட்டை முழுசாக எடுக்கும்போது மேலே இருக்கும் பிடிமானம் கூடவே போய்விடுகிறது அல்லது பலவீனமாகிவிடுகிறது. அதுவரை மேலே இருந்ததன் துணையோடு வேலை செய்துகொண்டிருந்த கீழ்த்தசை இனிமேல் நாள் முழுக்கத் தனியாளாகத் தாங்க வேண்டும், அதுவும் தானும் தனக்கு வரும் நரம்பும் ஆபரேஷனில் கொஞ்சம் அடிபட்டுக் கிடக்கிற நேரத்தில். அதனால்தான் ஆபரேஷனின்போது சிறுநீர் போக வைத்த டியூபை எடுத்ததும் தொல்லை தொடங்குகிறது. இருமினால், தும்மினால், கேஸ் சிலிண்டரை நகர்த்தினால், சாப்பிட்டுவிட்டுத் தரையிலிருந்து கையூன்றி எழுந்தால், வண்டி வேகத்தடையில் ஏறி இறங்கினால் சொட்டும். படுத்திருக்கும்போது அவ்வளவாக இருக்காது. சாயங்காலம் ஆக ஆக அதிகமாகும், தசை களைத்துப்போவதுதான் காரணம். ரோபோ வைத்துச் செய்தாலும் வயிற்றைத் திறந்து செய்தாலும் இது வரத்தான் செய்கிறது.

வயதானால் வரும் சாதாரண புராஸ்டேட் வீக்கத்துக்கு உள்பக்கத்தை மட்டும் சுரண்டி எடுக்கும் டி.யு.ஆர்.பி. ஆபரேஷன் வேறு கதை. அதில் பெரும்பாலும் வருவது அவசரக் கசிவு, அதாவது வருகிறது என்று தோன்றி வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்குள் போய்விடும். வருஷக்கணக்காக அடைப்பை எதிர்த்துத் தள்ளித் தள்ளிப் பழகிய சிறுநீர்ப்பை, அடைப்பு நீங்கிய பிறகும் அதே முரட்டுத்தனத்தோடு இருக்கும், அடங்கச் சில வாரமோ சில மாதமோ ஆகும். இந்த இரண்டு வகையையும் உங்கள் கட்டுரை ஒரே கூடையில் போட்டுவிட்டது. கரண்ட் வைக்கும்போது இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம். இருமும்போது சொட்டுகிறவருக்குத் தசை இறுக வேண்டும், அதற்கு 35, 50 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு அத்தனை தடவை என்று வேகமான துடிப்பு வைப்பார்கள். அவசரக் கசிவுக்குச் சிறுநீர்ப்பையைச் சாந்தப்படுத்த வேண்டும், அதற்கு 10 ஹெர்ட்ஸ் மாதிரி மெதுவான துடிப்பு. எந்த வகைக் கசிவு என்று கேட்காமலே எல்லோருக்கும் ஒரே பட்டனை அழுத்துகிற இடத்துக்குப் போய்ப் பணம் கட்டுவதில் அர்த்தமே இல்லை.

சரி, கரண்ட் உண்மையிலேயே என்ன செய்கிறது? ஆசனவாய்க்குள் விரல் அளவு புரோப் ஒன்றை வைத்தோ, விதைப்பைக்குப் பின்னால் தோலில் பேட் ஒட்டியோ சின்ன மின்துடிப்பு கொடுக்கிறோம். இடுப்பின் அடித்தளத் தசைகளுக்குப் போகும் நரம்பு அதில் தூண்டப்பட்டு, தசை சில விநாடி இறுகும், அப்புறம் தளரும். ஒருமுறை உட்கார்ந்தால் கால் மணியிலிருந்து அரை மணி நேரம் இப்படியே போகும். தசை வேலை செய்கிறது என்பது நிஜம். ஆனால் இருமல் வருவதற்கு ஒரு கணம் முன்னால் அதை இறுக்க வேண்டும் என்று உங்கள் மூளைக்கு மெஷின் கற்றுக்கொடுக்காது. வீட்டில் சிலிண்டர் தூக்கும்போது மெஷின் கூட வரப்போவதும் இல்லை.

இது என் சொந்தக் கருத்து மட்டும் இல்லை. 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழான ஜாமாவில் ஒரு ஆய்வு வந்தது. புராஸ்டேட்டை முழுசாக எடுத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியும் கசிவு நிற்காத 208 பேரை எடுத்துக்கொண்டார்கள், சிலருக்கு 17 வருஷம்கூட ஆகியிருந்தது. ஒரு பிரிவுக்கு எட்டு வாரம் தசைப் பயிற்சியும் சிறுநீர் கழிக்கும் பழக்கத்தைச் சீராக்கும் பயிற்சியும். இன்னொரு பிரிவுக்கு அதோடு சேர்த்து வீட்டில் தினமும் கரண்டும், தசை இறுகுவதைத் திரையில் காட்டும் பயோஃபீட்பேக்கும். மூன்றாவது பிரிவு காத்திருந்தது. பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு வாரத்துக்கு 28 தடவை இருந்த கசிவு 13 ஆனது. கரண்டும் சேர்த்து வைத்துக்கொண்டவர்களுக்கு 26இலிருந்து 12. சும்மா இருந்தவர்களுக்கு 25இலிருந்து 21. பயிற்சியால் பாதிக்குப் பாதி குறைந்தது, கரண்ட் அதற்கு மேல் ஒன்றும் கூட்டித் தரவில்லை. முழுசாகக் கசிவு நின்றவர்கள் பயிற்சிப் பிரிவில் 16 சதவீதம், கரண்ட் பிரிவில் 17 சதவீதம். 2013இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரன் அமைப்பு, ஆண்களுக்கு மின்தூண்டல் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளை எல்லாம் ஒன்றாக வைத்து அலசியது. பயிற்சியோடு கரண்ட் சேர்த்தால் ஆரம்பத்தில் கொஞ்சம் கூடுதல் பலன் தெரிகிறது, ஆறு மாதத்துக்கு மேல் அந்த வித்தியாசம் நிற்பதில்லை, வலியும் அசௌகரியமும் கரண்ட் வைத்தவர்களுக்கே அதிகம் என்றுதான் முடிவு வந்தது.

பயிற்சிக்காரர்களான எங்களுக்கும் ஒரு குட்டு உண்டு, அதை மறைப்பானேன். அதே 2011இல் லான்செட் மருத்துவ இதழில் பிரிட்டனின் பெரிய ஆய்வு ஒன்று வந்தது. ஆபரேஷன் முடிந்து ஆறு வாரத்தில் கசிவு இருந்தவர்களுக்கு நிபுணர் நேரில் உட்காரவைத்துப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களோடு ஒப்பிட்டால், ஒரு வருஷம் கழித்து இரண்டு பக்கமும் நிலைமை ஏறக்குறைய ஒன்றே. முழு ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் பயிற்சிப் பக்கம் 76 சதவீதம் பேருக்கும் மறுபக்கம் 77 சதவீதம் பேருக்கும் கொஞ்சமாவது கசிவு மிச்சம் இருந்தது. மறுபக்கத்திலும் நிறையப் பேர் தாங்களாகவே பயிற்சி செய்துகொண்டுதான் இருந்தார்கள் என்று எங்கள் தொழிலில் சமாதானம் சொல்வோம். அது ஓரளவு சரியும்கூட. ஆனாலும் நேரில் சொல்லித்தந்த பயிற்சி காலத்தைவிடப் பெரிய வைத்தியர் இல்லை என்பது அந்த எண்களிலேயே தெரிகிறது.

பேக்கேஜ் வியாபாரம் நுழைவது இந்த இடத்தில்தான். ஆபரேஷனுக்குப் பிறகு முதல் ஆறு மாதத்தில், ஒரு வருஷத்துக்குள், பெரும்பாலானவர்களுக்குக் கசிவு தானாகவே குறைந்துகொண்டு வரும். இரண்டாவது மாதம் ஒருவர் வந்து பேக்கேஜ் கட்டி, நான்காவது மாதம் கசிவு குறைந்தால், பெயர் மெஷினுக்குப் போய்விடுகிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். மெஷின் வாங்கிய கடனை அடைக்க வேண்டிய நெருக்கடி எங்களில் பலருக்கும் இருப்பது எனக்குத் தெரியும். அதற்காக இருபது சிட்டிங்குக்கு முன்பணம் வாங்கி வைத்துக்கொண்டு, வீட்டுப் பயிற்சி ஒன்றுகூடச் சொல்லித்தராமல் அனுப்புவதை எதில் சேர்ப்பது?

அப்படியானால் நான் ஏன் மெஷின் வைத்திருக்கிறேன் என்று கேட்பீர்கள். சிலருக்கு அந்தத் தசை எங்கே இருக்கிறது என்றே பிடிபடாது. இறுக்குங்கள் என்றால் வயிற்றை எக்குவார்கள், தொடையைச் சேர்ப்பார்கள், பிட்டத்தை இறுக்குவார்கள், மூச்சைப் பிடித்துக்கொண்டு முகம் சிவப்பார்கள். அவர்களுக்குக் குறைந்த அளவில் கரண்ட் கொடுத்து, "இப்போ உள்ளே இழுக்குது பாருங்க, அதுதான், கூடவே நீங்களும் இழுங்க" என்று சொன்னால் சில நாளில் பிடித்துக்கொள்வார்கள். பிடித்துக்கொண்ட பிறகு மெஷினுக்கு வேலை குறைவு. அவசரக் கசிவு ரொம்ப நாள் விடாதவர்களுக்கு வேறு வழியும் இருக்கிறது. கணுக்காலுக்கு உள்பக்கம் ஓடும் நரம்பில் வாரம் ஒருமுறை அரை மணி நேரமாகப் பன்னிரண்டு வாரம் தூண்டல் கொடுப்பார்கள். ஆனால் அது அடங்காத சிறுநீர்ப்பைக்கு உண்டான சிகிச்சை, இருமினால் சொட்டுகிறவருக்கு ஆகாது.

யாருக்கெல்லாம் கரண்ட் கூடாது என்று உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. இதய பேஸ்மேக்கர் வைத்திருப்பவருக்குக் கூடாது. ரத்தம் வரும் மூலநோய், ஆசனவாய் வெடிப்பு, தொற்று இருப்பவருக்குப் புரோப் கூடாது. அந்த இடத்தில் உணர்ச்சி மரத்துப்போனவருக்கு எவ்வளவு கரண்ட் போகிறது என்றே தெரியாது, சர்க்கரை முற்றியவர்களில் இப்படிச் சிலர் உண்டு. புற்றுநோய் மிச்சம் இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால், ரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்ற புராஸ்டேட் புரதத்தின் அளவைப் பார்த்து ஆபரேஷன் செய்த டாக்டர் சரி என்று சொல்லும்வரை தொடவே கூடாது. புரோப் ஒருவருக்கு ஒன்றுதான், ஒருவர் பயன்படுத்தியதைக் கழுவி அடுத்தவருக்கு வைக்கக் கூடாது. இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம், புது உறையை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டி.யு.ஆர்.பி. செய்து சில மாதம் ஆன ஒருவர், நாள் முழுக்கச் சொட்டுகிறது, கரண்ட் வையுங்கள் என்று வந்தார். அடிவயிற்றில் கை வைத்தால் தேங்காய் அளவுக்குத் திண்ணென்று இருக்கிறது. மெஷினைத் தொடாமல் ஸ்கேனுக்கு அனுப்பினேன். சிறுநீர் கழித்துவிட்டு வந்த பிறகும் உள்ளே அரை லிட்டருக்கு மேல் தங்கியிருந்தது. சிறுநீர்க் குழாய் தழும்பேறிச் சுருங்கி, பை நிரம்பி வழிந்திருக்கிறது. அவருக்குப் போய்த் தசையை இறுக்கக் கரண்ட் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்! கசிவு என்று வருகிற யாருக்கும் முதலில் யூரின் டெஸ்ட், கழித்த பிறகு எவ்வளவு மிஞ்சுகிறது என்று ஒரு ஸ்கேன், இந்த இரண்டும் பார்த்துவிட்டுத்தான் மற்றது எல்லாம்.

பயிற்சி விஷயத்துக்கு வருகிறேன். கேகல் என்ற அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் 1948இல் பிரசவம் ஆன பெண்களுக்காக எழுதிய பயிற்சி இது. ஆண்களுக்கும் அதை அப்படியே "ஆசனவாயை இறுக்குங்கள், காற்று பிரிவதை அடக்குங்கள்" என்று சொல்லிக்கொடுத்தே பழகிவிட்டோம். ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் ஸ்டாஃபோர்ட், ஹாட்ஜஸ் குழுவினர் அல்ட்ராசவுண்டு வைத்து, எப்படிச் சொன்னால் எந்தத் தசை இறுகுகிறது என்று பார்த்தார்கள். ஆசனவாயை இறுக்கச் சொன்னால் பின்பக்கத் தசைதான் அதிகம் வேலை செய்கிறது. ஆணுறுப்பை உள்ளே இழுத்துக் குட்டையாக்குவது போல நினைத்து இழுக்கச் சொன்னால்தான் சிறுநீர்க் குழாயைச் சுற்றியிருக்கும் தசை நன்றாக அசைகிறது. இதைச் சொல்லும்போது பெரியவர்கள் நெளிவார்கள், சிலர் சிரித்தும் விடுவார்கள். சிரித்துவிட்டுச் செய்து பார்ப்பார்கள், தசை இழுபடுவதில் முதல் நாளே வித்தியாசம் தெரியும்.

வயிறும் பிட்டமும் தளர்ந்திருக்க, மூச்சை விட்டுக்கொண்டே உள்ளே இழுத்து ஐந்தாறு விநாடி பிடிக்க வேண்டும், அதே அளவு நேரம் தளர்த்த வேண்டும். இப்படிப் பத்து முறை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. முதலில் படுத்து, பிறகு உட்கார்ந்து, அப்புறம் நின்றுகொண்டு, ஏனென்றால் கசிவது நிற்கும்போதுதான். இருமல் தும்மலுக்கு முன்னால், நாற்காலியிலிருந்து எழுவதற்கு முன்னால் ஒரு இழுப்பு, அது பழக்கமாகவே ஆகிவிட வேண்டும். போய்க்கொண்டிருக்கும் சிறுநீரை நடுவில் நிறுத்திப் பார்த்துப் பார்த்துப் பயிற்சி செய்யாதீர்கள். டியூப் உள்ளே இருக்கும்போது எதுவும் செய்ய வேண்டாம். மலச்சிக்கல் இருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள், தினமும் முக்கினால் செய்த பயிற்சி எல்லாம் வீண். கசிகிறதே என்று தண்ணீர் குடிப்பதை நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். சிறுநீர் கெட்டியாகி எரிச்சல் கூடி, அவசரம் இன்னும் மோசமாகும். குறைக்க வேண்டியது டீ, காபியை.

முன்னேற்றம் தெரிகிறதா என்று எப்படிப் பார்ப்பது? கசிவை உறிஞ்ச உள்ளாடைக்குள் வைக்கும் பேடை எடை போடுங்கள். காய்ந்த பேட் எவ்வளவு என்று முதலில் குறித்துக்கொண்டு, ஒரு நாள் முழுக்க மாற்றிய பேடுகளை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்து எடை பார்த்துக் கழித்தால், கூடுதலாக வரும் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய ஒரு மில்லி. மளிகைக் கடை வைத்திருக்கும் ஒருவர், கடைத் தராசில் வைக்க மனசு வராமல் இதற்கென்றே சின்னதாக ஒரு தராசு வாங்கினார். பாக்கி எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கி எழுதிக்கொண்டு வந்தார், தேதி, கிராம், அன்றைக்கு மூட்டை தூக்கினாரா இல்லையா என்பதுவரை. அவருக்குக் குறைவது மாதக்கணக்கில்தான் தெரிந்தது, நாளுக்கு நாள் பார்த்தால் ஏறும் இறங்கும். அந்த நோட்டு இல்லாமல் இருந்திருந்தால் இரண்டாவது மாதமே மனம் விட்டிருப்பார்.

மனம் விடுவதுதான் இதில் பெரிய சங்கடம். கல்யாணத்துக்குப் போவதில்லை, பஸ்ஸில் உட்காருவதில்லை, கோயிலுக்குள் நுழையக் கூசுகிறார்கள். தொழுகைக்குப் போவதையே நிறுத்திவிட்ட ஒரு பெரியவருக்கு அவருடைய பள்ளிவாசல் இமாம், இப்படி நிற்காத கசிவு உள்ளவர் ஒவ்வொரு வேளைத் தொழுகைக்கும் புதிதாக ஒளு, அதாவது தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவும் சுத்தம், செய்துகொண்டு தொழலாம் என்று எடுத்துச் சொன்ன பிறகுதான் முகம் தெளிந்தது. என் பயிற்சியால் அது ஆகியிருக்காது.

ஒரு வருஷம் பார்த்தும் பேட் நனைந்துகொண்டே இருந்தால் பயிற்சியோ கரண்டோ மட்டும் போதாமல் போகலாம். குழாயைத் தாங்கிப் பிடிக்கும் பட்டை வைப்பதும், செயற்கைச் சுருக்கு வைப்பதும் உண்டு. செயற்கைச் சுருக்கில் குழாயைச் சுற்றி ஒரு பட்டையும் விதைப்பையில் சின்ன பம்ப் ஒன்றும் இருக்கும், அழுத்தினால் பட்டை தளர்ந்து சிறுநீர் போகும், சில நிமிஷத்தில் தானாகவே மூடிக்கொள்ளும். கடுமையான கசிவுக்கு இன்றைக்கும் இதுதான் முதல்தரச் சிகிச்சை. விலை லட்சங்களில் என்பதால் பலர் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருப்பதில்லை. வாங்க முடியுமோ முடியாதோ, இப்படி ஒன்று இருக்கிறது என்று நோயாளிக்குச் சொல்ல வேண்டும் அல்லவா. அதைச் சொல்லாமல் மூன்றாவது பேக்கேஜ், நான்காவது பேக்கேஜ் என்று இழுப்பது அநியாயம்.

கேட்க வேண்டியது ஒன்று அரசிடம், ஒன்று ஆஸ்பத்திரிகளிடம். கசிவு வரும், இவ்வளவு காலம் இருக்கலாம் என்பதை ஆபரேஷனுக்குக் கையெழுத்து வாங்கும்போதே நிதானமாகச் சொல்லுங்கள், தசைப் பயிற்சியை அப்போதே தொடங்கி வையுங்கள். அமெரிக்கச் சிறுநீரியல் மருத்துவர் சங்கத்தின் 2019 வழிகாட்டுதலும் ஆபரேஷனுக்கு முன்பே பயிற்சி தரலாம், முடிந்த உடனே தர வேண்டும் என்கிற மாதிரிதான் சொல்கிறது. டியூபை எடுத்துவிட்டு "போகப் போகச் சரியாகிடும்" என்று சொல்லி அனுப்பினால், அவர் நேராக விளம்பரத்தைப் பார்த்துத்தான் போவார். அப்புறம், 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைத் தொடங்கியபோதே வீட்டுக்கு வந்து பிசியோதெரபி தருவதையும் அதில் சேர்த்தார்கள். பக்கவாதத்துக்கும் மூட்டுவலிக்கும் வீடு தேடிப் போகும் அந்தப் பிசியோதெரபிஸ்ட்களுக்கு இடுப்புத்தளப் பயிற்சியிலும் முறையாகப் பழக்கம் கொடுத்தால் போதும். மெஷின் வேண்டாம், பாயும் தலையணையும் மறைவான ஒரு அறையும் இருந்தால் ஆயிற்று. வெளியே சொல்லக் கூசுகிறவருக்கு வீட்டுக்கு வருகிறவரிடம் சொல்வது கொஞ்சம் எளிது.

கடைசியாக, சின்ன விஷயம், ஆனால் என்னிடம் வருகிறவர்கள் அடிக்கடி புலம்புவது. நம் பஸ் ஸ்டாண்டுகளிலும் கல்யாண மண்டபங்களிலும் ஆண்கள் கழிவறைக்குள் குப்பைத்தொட்டி கிடையாது. நனைந்த பேடைக் கழற்றியவர் அதைத் தாளில் சுற்றி, மஞ்சப்பையில் போட்டு, பந்தியில் மடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது. பிரிட்டனில் புராஸ்டேட் கேன்சர் யு.கே. அமைப்பு இந்தத் தொட்டிக்காகவே ஒரு இயக்கம் நடத்துகிறது. இங்கே இயக்கம் எல்லாம் வேண்டாம், மண்டபம் வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் கதவுள்ள ஒரு அறைக்குள் மூடி போட்ட தொட்டி ஒன்றை வைத்துவிடுங்கள், தினமும் காலி செய்ய ஆளும் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பிசியோதெரபிஸ்ட்,
திண்டுக்கல் மாவட்டம்.